தோழனின் தன்மைகள்

மார்ச் 3, 2024 - ஞாயிறு

மகள் தாரிகாவின் கம்பெனியில் கொடுத்த டைரி இது. இரண்டு மாதமாக அரிசி டப்பாவின் மேல் கிடந்தது. வீணாகப் போகிறதே என்று எழுதுகிறேன். மற்றபடி, எழுதி வைக்கும்படி எனக்கு ஒன்றும் நடப்பதில்லை.

இன்று நடந்தவை: மாநகராட்சித் தண்ணீர் ஒருவழியாக வந்தது. தொட்டியை நிரப்பினேன். மதியம் ஈரோட்டிலிருந்து ஒரு பல் டாக்டர் போன் செய்தார்.

"மேடம், நீங்க தோழன் சாந்தாமணிங்களா?"

என்னை அப்படி யாரும் கூப்பிட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ராங் நம்பர் என்று சொல்லி வைத்திருக்கலாம். "ஆமாங்க" என்று வாய் முந்திக்கொண்டது.

டாக்டர் பெயர் இளம்பரிதி. தோழன் லேப்டாப் வெளிவந்து இந்த வருடத்தோடு இருபத்தைந்து வருடமாம். அதை இன்னும் வைத்திருக்கிறவர்கள் ஒன்றுகூடிக் கோயம்புத்தூரில் விழா எடுக்கிறார்களாம். ஏப்ரல் ஏழு. நான் சிறப்பு விருந்தினர்.

"நானுங்களா? நான் அதைச் செஞ்சவ இல்லீங்களே. அது மக்கர் பண்ணினா வர்ற போனை எடுத்தவ."

"அதனாலதாங்க மேடம். செஞ்சவங்க பேரு யாருக்கும் ஞாபகம் இல்லை. உங்க குரல் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. நான் போகப்போவதில்லை.

மார்ச் 5 - செவ்வாய்

பல் டாக்டர் வாட்ஸப்பில் தோழனின் படம் அனுப்பியிருந்தார். தாரிகா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்னம்மா இது, டிபன் கேரியரா?"

அதற்குக் கைப்பிடி இருந்தது. அதைத்தான் சொல்கிறாள். பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பெண். அவளுடைய லேப்டாப் அப்பளம் மாதிரி இருக்கும். அது என்னவெல்லாம் செய்யும் என்று எனக்குத் தெரியாது. தோழன் என்னவெல்லாம் செய்யாது என்று எனக்கு மனப்பாடம்.

கோயம்புத்தூர் பீளமேட்டில் நொய்யல் மைக்ரோ என்று ஒரு கம்பெனி. தொண்ணூற்றொன்பதில் தோழனைக் கொண்டு வந்தார்கள். அப்போது ஊரில் லேப்டாப்பைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் காட்ட வசதியாக அதன் திரை கழுத்தைத் திருப்பும். இன்ஷூரன்ஸ் ஏஜென்டுகள் அதற்காகவே வாங்கினார்கள். விசைகளில் தமிழ் எழுத்து அச்சடித்திருக்கும். கரண்ட் போனால் விசைகளைப் பார்க்கத் திரையின் உச்சியில் ஒரு குட்டி விளக்கு. ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியைக் கழற்றி வேறு மாற்றலாம். இதெல்லாம் அந்தக் காலத்தில் வெள்ளைக்காரனே யோசிக்காதது என்று எங்கள் எம்.டி. சம்பத் சார் சொல்வார். உண்மையாகத்தான் இருக்கும். யோசித்திருந்தால் அவனும் என்னைப்போல் ஒருத்தியை வேலைக்கு வைத்திருக்க வேண்டியிருக்கும்.

உள்ளே சுற்றும் விசிறியின் நடுக்கத்தில் அந்தக் கழுத்து நாளடைவில் தளர்ந்துவிடும். பிறகு திரை தானாகவே, யாரும் தொடாமலே, மெல்ல மெல்ல எதிராளி பக்கம் திரும்பும். நீங்கள் டைப் அடித்துக்கொண்டே இருப்பீர்கள். எதிரே இருப்பவர் படித்துக்கொண்டிருப்பார். விளக்குக்கு ஈசல் வரும். பேட்டரியை மாற்ற அரை நிமிடம் அவகாசம் கொடுக்கும். ஆனால் பேட்டரியின் தாழ்ப்பாளைத் திறக்கவே ஒரு நிமிடம் ஆகும். விசைகளில் முதலில் கழன்று விழுவது 'ழ'. அதனால் தோழன் வாங்கியவர்களால் தோழன் என்று எழுத முடியாது. வந்த புகார்க் கடிதங்களில் 'தோளன்', 'தோலன்' என்றுதான் இருக்கும்.

சம்பத் சார் எனக்குக் கொடுத்த பயிற்சி மொத்தம் ஒரு வாக்கியம். "கோளாறுன்னு சொல்லாதீங்கம்மா. தன்மைன்னு சொல்லுங்க."

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்பாகிட்ட இது இருந்துச்சா?" என்றாள் தாரிகா.

"இல்லை. அவருக்குச் சத்தம் போடுற பொருள் பிடிக்காது."

மார்ச் 9 - சனி

கேட்காமலே என்னை அவர்களுடைய வாட்ஸப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். பெயர் 'தோழனின் தோழர்கள்'. நூற்றுக்கு மேல் ஆட்கள். காலை ஐந்தரைக்கே வணக்கம் போட ஆரம்பிக்கிறார்கள்.

எல்லோரும் தோழனைப் புகழ்கிறார்கள். அந்தக் காலத்து உழைப்பு இப்போதைய பொருளில் வருமா என்கிறார்கள். 'என் தோழன் ஒருநாளும் எனக்குத் தொந்தரவு கொடுத்ததில்லை' என்று கோபிசெட்டிபாளையம் ராமானுஜம் எழுதியிருக்கிறார். இந்த ராமானுஜத்தை எனக்குத் தெரியும். பெட்ரோல் கேனோடு பீளமேட்டுக்கு வரப்போவதாகச் சொன்னவர். கம்பெனியைக் கொளுத்துவதா தோழனைக் கொளுத்துவதா என்பதில் மட்டும்தான் அன்று அவருக்குத் தயக்கம்.

அவருடைய செய்திக்கு முப்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள். நானும் ஒன்று போட்டேன்.

மார்ச் 12 - செவ்வாய்

இன்று தாரிகா அப்பாவின் திதி. நான்கு வருடம் ஆகிறது. கொழுந்தனார் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். பனியன் கம்பெனியை இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

"அண்ணன் மாதிரி ஒரு மனுசனைப் பார்க்க முடியாதுங்க அண்ணி" என்றார். ஆமாம் என்றேன். நல்ல மனிதர், ஊரே சொல்லும். குடி கிடையாது. சாப்பாட்டில் ஒருநாளும் குறை சொன்னதில்லை. சாப்பாட்டைப் பற்றி எதுவுமே சொன்னதில்லை. வீடு அமைதியாக இருக்க வேண்டும் அவருக்கு. கல்யாணமான புதிதில் நான் எதையாவது சொல்ல ஆரம்பித்தால், "போன்ல பேசிப் பேசிப் பழகின வாயி" என்பார். சத்தம் போட மாட்டார், சிரித்துக்கொண்டேதான் சொல்வார். பிறகு அதையும் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இல்லாமல் போயிற்று.

வடை நன்றாக வந்தது. பாயசத்தில் வெல்லம் கொஞ்சம் கம்மி.

மார்ச் 15 - வெள்ளி

குழுவில் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். தெய்வசிகாமணி, பொள்ளாச்சி.

கேஸ் சிலிண்டர் வந்தது.

மார்ச் 16 - சனி

நேற்று அதற்கு மேல் எழுதாமல் விட்டதற்குக் காரணம் எதுவுமில்லை. எழுத இடம் இருக்கிறது, எழுதுகிறேன்.

தெய்வசிகாமணி என்பவர் பொள்ளாச்சியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆசிரியர். எனக்கு முகம் தெரியாது. இரண்டாயிரத்தொன்றில் அநேகமாக எல்லாச் செவ்வாய்க்கிழமையும் பதினொரு மணி வாக்கில் போன் செய்வார். மற்றவர்கள் "யோவ்" என்று ஆரம்பிப்பார்கள். இவர் "ஏனுங்க அம்மிணி, சௌக்கியங்களா?" என்பார்.

"சொல்லுங்க சார், தோழனுக்கு என்ன ஆச்சு?"

"என்னைப் பார்க்க மாட்டேங்குதுங்க. நான் எழுத எழுத மூஞ்சியைத் திருப்பிக்குது."

"அது அதோட தன்மைங்க சார்."

"அப்படீங்களா. அப்ப நாந்தான் கொஞ்சம் தள்ளி உட்காரணுங்களா?"

ஒரு வாரம் ஈசல். மறு வாரம் 'ழ'. அதற்கடுத்த வாரம், 'ழ'வை ஒட்ட வைத்ததில் பக்கத்திலிருந்த விசையும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. ஒவ்வொன்றையும் கதைபோலச் சொல்வார். நானும் பதில் சொல்வேன். பின்னால் எங்கேயோ ரேடியோ ஓடுவது கேட்கும். பேசி முடிக்கக் கால் மணி நேரம், சில நாள் அரை மணி நேரம் ஆகும். ஒரு லேப்டாப்பில் வாரம் தவறாமல் ஒரு கோளாறு வருமா என்று நான் யோசித்ததுண்டு. என் மேசைக்குப் பக்கத்தில் இருந்த மல்லிகா அக்கா யோசிக்கவே இல்லை. "சாந்தாமணி, தெய்வசிகாமணி. பத்திரிகை அடிச்சா எவ்வளவு பொருத்தமா இருக்கும்!" என்றாள். அவளைத் திட்டினேன்.

அந்த வருடக் கடைசியில் அவருடைய போன் நின்றது. கம்பெனியும் அதே சமயத்தில்தான் நிற்க ஆரம்பித்தது. சம்பளம் நின்றது. ஒவ்வொருவராக வராமல் போனார்கள். நான் மட்டும் இன்னும் சில வாரம் போய் உட்கார்ந்திருந்தேன். போன் இணைப்பைத் துண்டிக்கவில்லையே, யாராவது எடுக்க வேண்டாமா. நாற்காலியும் நல்ல நாற்காலி.

பிப்ரவரியில் திருப்பூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். சரி என்றேன்.

விழாவுக்கு வருவதாக இன்று பல் டாக்டருக்குச் சொல்லிவிட்டேன். அவர் இத்தனை தூரம் கேட்டுக்கொண்ட பிறகு மறுப்பது மரியாதை இல்லை.

மார்ச் 21 - வியாழன்

ஒரு புடவை எடுத்தேன். மயில் கழுத்து நிறம். கொழுந்தனார் வீட்டு விசேஷம் எதற்காவது ஆகும்.

தலைக்குச் சாயமும் போட்டேன். இது நெடுநாளாகவே நினைத்துக்கொண்டிருந்ததுதான்.

மார்ச் 27 - புதன்

மேடையில் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். என்ன பேசுவது என்று பல் டாக்டரிடம் கேட்டேன்.

"தோழனைப் பத்திச் சொல்லுங்க மேடம். ஆனா இந்தக் கோளாறு அது இதெல்லாம் வேண்டாங்க. எல்லாரும் ஒரு பாசத்துல வர்றாங்க. நல்லதா நாலு விஷயம் சொல்லுங்க."

உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். 'அனைவருக்கும் வணக்கம்' வரை சரளமாக வந்தது. அதற்கு மேல் எதை எடுத்தாலும் பின்னாலேயே ஒரு கோளாறு ஒட்டிக்கொண்டு வருகிறது. கழுத்து திரும்பும் என்றால் தானாகத் திரும்பியதைச் சொல்ல வேண்டும். விளக்கு என்றால் ஈசல். மூன்று வருடம் அந்தப் பொருளோடு கிடந்தேன். அதன் நல்லது ஒன்றைத் தனியாகப் பிய்த்தெடுக்கத் தெரியவில்லை.

குழுவில் தெய்வசிகாமணி இதுவரை ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எல்லாவற்றையும் படிக்கிறார் என்று மட்டும் காட்டுகிறது. சங்கோஜப்படுகிறவர்கள் அப்படித்தான்.

ஏப்ரல் 2 - செவ்வாய்

வடகம் பிழிந்தேன். மொட்டை மாடியில் வெயில் நெருப்பாகக் கொதிக்கிறது. தாரிகா குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள், உதவி செய்கிறாளாம்.

"அம்மா, நீ ரெண்டு வாரமா பாடிட்டே இருக்கே. தெரியுமா உனக்கு?"

"நானா? வேற யாராவது பாடியிருப்பாங்க."

"நம்ம வீட்டுல வேற யாரு இருக்கா? நான் பொறந்ததிலிருந்து நீ பாடிக் கேட்டதே இல்லம்மா. உனக்குப் பாட வரும்ங்கிறதே எனக்கு இப்பத்தான் தெரியும்."

மாவு தண்ணியாகிவிட்டது என்று பேச்சை மாற்றினேன். உண்மையிலேயே தண்ணியாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 7 - ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காந்திபுரத்தில் ஒரு ஓட்டல் மாடியில் ஏ.சி. ஹால். எண்பது பேர் இருக்கும். பாதிப்பேர் தோழனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். நீள மேசையில் முப்பது, நாற்பது தோழன்கள் வரிசையாகத் திறந்து நின்றன. உயிரோடு இருந்தவை ஏழெட்டு. இளம்பரிதி வெள்ளை வேட்டியில் ஓடிக்கொண்டிருந்தார். அவரிடம் மட்டும் பதினொன்று இருக்கிறதாம். "மேடம், இதுதான் என்னோட மூத்தது" என்று ஒன்றைக் காட்டினார். அதற்குக் குங்குமம் வைத்திருந்தது.

ஆண்கள் பக்கம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எதிரே வருகிறவர்களைப் பார்க்காமல் நடக்க முடியாதே, அதற்காக.

என்னை மேடையில் உட்கார வைத்து, முன்னால் ஒரு தோழனை ஓடவிட்டு வைத்தார்கள். திரையில் 'நல்வரவு' என்று பூப்போட்டு எழுதியிருந்தது. பேச எழுந்தேன். அனைவருக்கும் வணக்கம் என்றேன். தோழன் ஒரு புதுமையான கண்டுபிடிப்பு என்றேன். அந்த நேரத்தில் எனக்கு முன்னால் இருந்தது மெல்ல, தலை கிறுகிறுத்தவன் மாதிரி, கழுத்தைத் திருப்ப ஆரம்பித்தது. நான் பேச்சை நிறுத்தவில்லை. ஆனால் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அது எனக்கு முழுதாக முதுகைக் காட்டிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து நின்றது.

இளம்பரிதி பாய்ந்து வந்து அதை என் பக்கம் திருப்பி வைத்தார். அது மறுபடியும் திரும்பியது.

"விடுங்க டாக்டர்" என்றேன் மைக்கில். "அது அதோட தன்மைங்க."

முதலில் சிரித்தவர் கோபி ராமானுஜம். நரைத்த மீசை, தொந்தி, நாற்காலி குலுங்குகிறது. பிறகு ஹாலே சிரித்தது. ராமானுஜம் எழுந்து நின்று காதருகே கையை வைத்துக்கொண்டு, போனில் பேசுவது போல, "ஏம்மா, நொய்யல் மைக்ரோங்களா? எனக்கு 'ழ' விழுந்திருச்சும்மா!" என்றார்.

"எங்கே விழுந்ததுங்க சார்?"

"சாம்பார்லம்மா!"

"எடுத்துக் கழுவித் துணியில துடைச்சு வைங்க சார். போன தடவை நீங்க பெட்ரோல் கேனோட வர்றேன்னீங்க. நான் இன்னும் காத்துட்டிருக்கேன்."

அதற்குப் பிறகு என்னைப் பேச விடவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனைக் காதில் வைத்துக்கொண்டார்கள். ஈசல், பேட்டரி, எதிர்வீட்டுக்காரர் படித்துவிட்ட கடிதம். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர், 'இந்த ஆள் ரொம்ப நாள் தாங்க மாட்டார் போலிருக்கிறது' என்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது அதை அந்த ஆளே படித்த கதையைச் சொன்னார். அவர் இன்னும் உயிரோடு இருக்கிறாராம், எண்பத்தாறு வயதாம், பாலிசியும் எடுத்தாராம். பத்து நிமிடம் பேசச் சொன்ன டாக்டர் ஒரு மணி நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இந்த மனிதர்களிடம் எவ்வளவு திட்டு வாங்கியிருப்பேன். அத்தனை பேரும் அதைத் திரும்பக் கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

இறங்கி வந்ததும் ஒரு குரல்.

"ஏனுங்க அம்மிணி, சௌக்கியங்களா?"

ஒல்லியாக, வழுக்கையாக, முழுக்கைச் சட்டையில் நின்றார். குரல் மட்டும் அப்படியே இருந்தது. நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சௌக்கியம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

"உங்களைப் பார்த்தே ஆகணும்னு ஒருத்தி வந்திருக்கா" என்றார்.

அவருக்குப் பின்னாலிருந்து ஓர் அம்மாள் கைத்தடி ஊன்றி வந்தாள். என்னைவிட நாலைந்து வயது பெரியவள். வந்த வேகத்தில் தடியை அவரிடம் தள்ளிவிட்டு, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவருடைய மனைவி. பெயர் கோகிலவாணி.

"உங்க குரலைக் கேட்டுக் கேட்டுத்தானுங்க நான் அந்த வருசத்தைத் தள்ளினேன்."

எனக்குப் புரியவில்லை. உட்கார்ந்து சொன்னாள். அவள் போன பஸ் கவிழ்ந்து முதுகெலும்பில் அடிபட்டு, பத்து மாதம் மல்லாந்து படுத்த படுக்கை. மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் தோழனை வைத்துக்கொண்டு இவர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவார். அது அவள் பக்கம் திரும்பிக்கொள்ளும். முதல் தடவை நிஜமாகவே கோபத்தில் கம்பெனிக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நான் பேசியது கட்டிலுக்குக் கேட்டது.

"நீங்க 'அது அதோட தன்மைங்க'ன்னீங்க பாருங்க. அடிபட்டு மூணு மாசம் கழிச்சு அன்னைக்குத்தான் சிரிச்சேன். சிரிச்சா முதுகு உயிர் போகும். இருந்தும் சிரிச்சேன். அப்புறம் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இவரைப் பிடுங்கி எடுப்பேன். போன் போடுங்க, போன் போடுங்கன்னு. இவருக்குக் கூச்சம். கோளாறு இல்லாம எப்படிக் கூப்பிடறதுன்னு முழிப்பாரு. நாந்தான் யோசிச்சுக் குடுப்பேன். 'ழ'வை ஒட்டினதெல்லாம் என் கற்பனைங்க."

"பின்னால ரேடியோ ஓடும்னு நினைச்சிருந்தேன்" என்றேன்.

"ரேடியோ எங்கீங்க இருந்துச்சு? அது நாந்தான் சிரிக்கறது!"

தெய்வசிகாமணி பக்கத்தில் தடியைப் பிடித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றார். எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டுமே. "அப்புறம் ஏங்க நிறுத்திட்டீங்க?" என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன்.

அவள் முகம் கொஞ்சம் மாறியது. "டிசம்பர்ல நான் எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சேங்க. அப்புறம்... தோணவே இல்லை. தேவைப்பட்டப்ப தேடினேன், முடிஞ்சதும் மறந்துட்டேன். அது தப்புதானுங்க. பத்திரிகையில கம்பெனி மூடிட்டாங்கன்னு போட்டிருந்தப்பத்தான் 'ஐயோ அந்தப் புள்ளை'ன்னு நினைச்சேன்."

பரவாயில்லை என்றேன். நம்பர் கேட்டாள், கொடுத்தேன். விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். அவினாசி தாண்டும்வரை பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. புதுப் புடவையில் யாருடைய தலையிலிருந்தோ தேங்காய் எண்ணெய் பட்டுவிட்டது.

ஏப்ரல் 8 - திங்கள்

வடகத்தை டப்பாவில் போட்டு மூடினேன்.

ஏப்ரல் 10 - புதன்

தாரிகா கேட்டாள், "அம்மா, விழா எப்படி இருந்துச்சுன்னு நீ சொல்லவே இல்லை." நன்றாக இருந்தது என்றேன். "எதிர்பார்த்த ஆளெல்லாம் வந்தாங்களா?" என்றாள். நான் யாரையும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னேன். கொஞ்சம் பலமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் போய் அவளுடைய அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குழுவில் நான் மேடையில் பேசிய வீடியோவைப் போட்டிருக்கிறார்கள். பார்த்தேன். அந்தப் பெண்மணி என்னமாய்ப் பேசுகிறாள். எங்கேயிருந்து எடுத்தாள் இத்தனை பேச்சை?

ஏப்ரல் 12 - வெள்ளி

இரண்டு நாளாக ஒன்றை நினைத்துக்கொண்டிருக்கிறேன். மல்லிகா அக்கா சொன்னதும் சரிதான், நான் யோசித்ததும் சரிதான். அந்தப் போன் கோளாறுக்காக வந்ததில்லை. என் குரலைக் கேட்கத்தான் வந்தது. ஆள்தான் வேறு.

இதை இன்று குழம்பு கொதிக்கும்போது நினைத்துச் சிரித்துவிட்டேன். சிரிப்பு முடிய நேரம் பிடித்தது. குழம்பு அடிபிடித்துவிட்டது.

ஏப்ரல் 18 - வியாழன்

நாளை ஓட்டுப் போட வேண்டும். வெளியே பிரசாரச் சத்தமெல்லாம் ஓய்ந்து தெரு அமைதியாக இருந்தது. காலை சமையல் முடிந்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கோகிலவாணி போன் செய்தாள். நம்பரை வாங்கிக்கொண்டு போனவள் பத்து நாள் கழித்துத்தான் கூப்பிடுகிறாள்.

"கூப்பிடலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டே இருந்தேங்க. அன்னைக்கு நான் சொன்னதுல உங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"இவரு வெளியே போயிருக்காரு. நான் மட்டுந்தான் இருக்கேன்" என்றாள். அதை ஏன் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் விளக்கவில்லை. அன்று என் முகம் ஏன் அப்படி ஆனது என்று வயதான பெண்ணுக்கு விளங்காமலா இருக்கும்?

வெயிலைப் பற்றிப் பேசினோம். அவளுடைய முதுகைப் பற்றிப் பேசினோம். பிறகு, "கம்பெனி மூடினப்புறம் நீங்க எப்படி இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"கல்யாணம் ஆச்சுங்க. நல்லா இருந்தேன்."

"நல்லாவா?"

"நல்ல மனுசருங்க. ஒரு குறையும் இல்லை."

அவள் சொன்னாள்: "நான் பத்து மாசம் படுக்கையில கிடந்தேன். நீங்க அதை ரேடியோன்னு நினைச்சீங்க. போன்ல ஒண்ணும் தெரியாதுங்க. சொன்னாத்தான் தெரியும். எனக்கு இன்னைக்கு வேலை ஒண்ணும் இல்லை. சொல்லுங்க."

மூன்று வருடம் ஊர் முழுக்க இருந்த குறைகளைக் கேட்டிருக்கிறேன். கேட்கத் தெரியும். சொல்வது எப்படி ஆரம்பிக்கும் என்று தெரியவில்லை. கையில் கீரைக் கட்டை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் அவசரப்படவில்லை.

"எங்க வீட்டுல பேசக் கூடாதுங்க" என்றேன்.

அவ்வளவுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே சொல்வாரே, அதைச் சொன்னேன். அடுப்படியில் நான் முணுமுணுத்தால்கூட வாசலிலிருந்து ஒரு செருமல் வரும், அதைச் சொன்னேன். தாரிகா வயிற்றில் இருந்தபோது ஒரு மாதம், நாள் கணக்கில் எண்ணி, ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்து பார்த்தேன். அவர் கவனிக்கவே இல்லை. அதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பலமாகக் கேட்டது.

இடையில் கோகிலவாணி ஆறுதல் சொல்லவில்லை. அப்படியில்லை என்று சமாதானமும் சொல்லவில்லை. நான் மூச்சு வாங்கும்போதெல்லாம் "ம்" என்றாள். ஒரு தடவை "படுபாவி" என்றாள்.

அறைக் கதவு திறந்த சத்தம் கேட்டது. தாரிகா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. அப்பா மேல் உயிரையே வைத்திருந்த பெண். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள்.

"லைன்ல இருக்கீங்களா?" என்றாள் கோகிலவாணி.

"இருக்கேனுங்க" என்றேன். மேலே சொன்னேன். தாரிகா வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். கீரைக் கட்டை என் கையிலிருந்து வாங்கி, ஒவ்வொரு இலையாக ஆய ஆரம்பித்தாள்.